எதிர்ப்பு பதியப்பட்டது

அங்கே ஒரு தெருவுக்கு உங்கள் பெயர்.
பலகையில் சீனி உதிர்ந்துபோய்
வெறும் உதுமான்.
அதன் கீழே நின்று படம் எடுத்து அனுப்பியவர்
எனக்கு என்ன முறை என்று
இரண்டு நாள் கூட்டிக் கழித்தும் பிடிபடவில்லை.
அவருக்கும் உங்கள் மூக்கு.

தொண்டியில் தோணி ஏறும்போது உங்களுக்குப் பதினேழு.
சோழகம் எழும்பிய வாரம்.
நாகப்பட்டினத்தில் கப்பல் மாறி
பத்து நாள் மேல்தளத்தில் வெயிலும் வாந்தியும்.
கையில் ஒரு கைலி, நெத்திலிப் பொட்டலம்,
மாமனாரிடம் வாங்கிய பதினோரு ரூபாய்க் கடன்.
ஆற்று முகத்துவாரத்தில்
ஆறு வருஷம் தொங்கான் சுமை.

குடும்பக் கதையில் நீங்கள்
தொங்கானிலிருந்து நேரே நாற்காலிக்குத் தாவுகிறீர்கள்.
நடுவில் ஒன்பது வருஷம் கங்காணி.
கமுதி, சாயல்குடி, முதுகுளத்தூர் என்று
எங்கே மழை பொய்த்தது எனக் கேட்டுக் கேட்டு
ஆள் சேர்த்தீர்கள்.
தலைக்கு இத்தனை வெள்ளி.
மூக்கையாவுக்கு முன்பணம்,
இருளாயிக்கு முன்பணம்,
அவள் இடுப்பில் இருந்த பிள்ளைக்கு அரைத் தலை.
கடனோடு கப்பல் ஏறி
கடனோடு காட்டில் இறங்கினார்கள்.

சுகாதார வாரியத்துக்குத் தமிழாள் ஒருவர் வேண்டும் என்று
துரை விரல் நீட்டிய திசையில்
நீங்கள் நின்றிருந்தீர்கள்.
அவ்வளவுதான்.

பதிவேட்டின் பக்கங்களும் படத்தோடு வந்தன.
முதல் மூன்று வருஷம்
உதுமான், வருகை.
உதுமான், வருகை.
வாய் திறந்ததாக ஒரு வரி இல்லை.

நாலாம் வருஷம் பேதி.
குழாய் முதலில் துரைமார் கிளப்புக்கு,
தோட்டத்து லயன்களுக்கு நிதி இருக்கும்போது
என்று தீர்மானம்.
அதன் அடியில், வேறு மையில்:
"லயனில் சாகிறவர்களைக் கூட்டி வந்தவன் நான்.
இதற்கு என் கையெழுத்து கிடையாது."
உறுப்பினர் உதுமானின் எதிர்ப்பு பதியப்பட்டது.
அடுத்த கூட்டத்திலும் அதே வரி.
அதற்கடுத்தும்.
ஆறாவது கூட்டத்தில் குழாய்.

நீங்கள் கூட்டி வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
குழாயைத் திறந்த அன்று
எத்தனை பேர் குடத்தோடு வந்தார்கள்
என்று பதிவேட்டில் இல்லை.
தேடினேன்.

அதே வருஷம் இங்கே
உங்கள் மனைவி மீரா நாச்சியா
விடிய நாலு நாழிகை இருக்கும்போது
கடலோர மணலில் ஊற்றுத் தோண்டி
சிரட்டையால் மோந்து மோந்து
ஒரு குடம் நிறைய
முழங்கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தாள்.
"இவ்விடம் தெருவெல்லாம் குழாய்" என்று
நீங்கள் எழுதிய கடிதம் பெட்டியில் இருக்கிறது.
அவள் எழுதச் சொன்ன பதில் யாரிடமும் இல்லை.
"இங்கே கரிக்குது" என்ற ஒரே வரிதான் என்று
வாய்வழியாக வந்திருக்கிறது.

நான் இப்போது ஐந்தாவது வார்டு.
பெண்கள் ஒதுக்கீடு;
என் பக்கமும் ஒரு விரல் நீண்டது.
இரண்டு வருஷமாக நானும் வருகை.

போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில்
புதுக் குழாய் முதலில்
கடற்கரைச் சாலை விடுதிகளுக்கு என்றார்கள்.
மீனவர் குடியிருப்பு கடைசி மடை.
அங்கே எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்,
மற்ற நாளில் லாரி, குடம் பன்னிரண்டு ரூபாய்.
அந்தக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய்
வாக்குக் கேட்டவள் நான்.

நான் எழுந்ததும் மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.
சொன்னேன்.
குரல் நடுங்கியது,
உங்களுக்கு எப்படியோ தெரியாது.

"ஏகமனதான்னு போட்டுருவோம்க்கா,
எதுக்கு வம்பு" என்றான் எழுத்தர்.
"எழுது" என்றேன்.
பேனாவை உதறினான்.
தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தான்.
அவன் விரலிலிருந்து கண்ணை எடுக்காமல்
நின்றுகொண்டிருந்தேன்.